முன்மொழிபவர் கையொப்பம்

நான் ஜெயிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநகராட்சித் தேர்தலில் நின்ற ஒருத்தி எழுதுகிறாள் என்றதும், கடைசிப் பக்கத்தில் மாலையும் சரவெடியும் இருக்கும் என்று நம்பிப் படிக்கிறவர்கள் உண்டு. இங்கே அது கிடையாது. நான் சொல்ல வந்தது, நிற்பதற்காக ஒரு மேசைக்கு முன்னால் போய் நின்ற ஒரு காலை வேளையைப் பற்றி மட்டும்தான்.

முப்பத்தொரு வருஷம் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். தேர்தல் வந்தால் ஆசிரியர்களுக்கு வாக்குச்சாவடி வேலையும் கூடவே வரும். பட்டியலில் பெயர் தேடி, விரலில் மை வைத்து, "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே எனக்கு ஜனநாயகம் பழக்கமானது. மேசைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்போதெல்லாம் தோன்றியதே இல்லை.

தோன்றவைத்தது எங்கள் அடுக்குமாடிச் சங்கம். பெசன்ட் நகரில் இருபத்து நான்கு வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. ஓய்வு பெற்ற வருஷம், சங்கச் செயலாளர் பதவிக்கு நான் நிற்கிறேன் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். மூன்றாவது மாடிக்காரர், "மேடம், மோட்டார் ரிப்பேர், தண்ணி லாரி, லிஃப்ட்காரன்கூட சண்டை... உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? நீங்க மினிட்ஸ் எழுதுங்க. உங்க எழுத்து நல்லா இருக்கும்" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அன்றைக்கு என் கணவரைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் போட்டியிடவே இல்லை. சமோசா வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் கீழே இறங்கி வந்திருந்தார். அந்தத் தீர்மானத்தையும் நல்ல எழுத்தில் நான்தான் எழுதினேன்.

என் கணவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் படிவங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். இதை எழுதும்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. குடிக்க மாட்டார், கத்த மாட்டார், என் மாத்திரைகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் டப்பாவில் நாள்வாரியாகப் பிரித்து வைப்பார். கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

சங்கக் கூட்டம் முடிந்து நான்கைந்து நாளில் வாட்ஸப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க விரும்பும் பெண்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் இலவசப் பயிற்சி தருகிறது, எட்டு சனிக்கிழமைகள், மதிய உணவு உண்டு. எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்குத்தான் ஒதுக்கப்படும் என்று ஊரெல்லாம் பேச்சு. ரோஷத்தில் பெயர் கொடுத்தேன். ரோஷம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன், அப்போது கேட்டவர்களிடம் "சமூக அக்கறை" என்று சொன்னேன்.

பயிற்சி தி.நகரில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில். கீழே எவர்சில்வர் சத்தம் ஓயாது. முப்பது பெண்கள் வந்திருந்தோம். பயிற்சியாளர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி, சுறுசுறுப்பானவர், எதையும் கலர் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார். முதல் நாள் எல்லோரும் எழுந்து தங்களைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, கணவர், பிள்ளைகள், மாமனார், மாமியார் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது.

முப்பது பேரில் முக்கால்வாசிப் பேர் பத்து வினாடியில் உட்கார்ந்துவிட்டோம். வகுப்பில் நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் பேசிய நான், "ஓய்வு பெற்ற கணித ஆசிரியை" என்று சொல்லிவிட்டு மேலே என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை. "நான் மீன் விக்கிறேன் மேடம். பத்தொம்பது வயசுலேர்ந்து விக்கிறேன். எங்க குப்பத்துல எவன் வூட்ல இன்னா கொயம்பு, எந்தக் கேட்டாண்ட எந்த வாட்ச்மேன் தொரத்துவான், எல்லாம் தெரியும்" என்று ஆரம்பித்தவரைப் பயிற்சியாளர்தான் கும்பிட்டு உட்கார வைத்தார்.

திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம். எட்டு வருஷமாக எங்கள் தெருவில் அவரிடம் வஞ்சிரமும் சங்கராவும் வாங்கியிருக்கிறேன். விலையைத் தவிர வேறொன்றும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. எங்கள் குடியிருப்பும் அவருடைய குப்பமும் ஒரே வார்டு என்பதே பயிற்சியில் வாக்காளர் பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பாதிப் பெண்கள் கணவரோடுதான் வந்தார்கள். பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு அவர்கள் பாத்திரக் கடை வாசலில் கூட்டமாக நிற்பார்கள். வியாபாரம் கெடுகிறது என்று கடைக்காரர் சத்தம் போட, மூன்றாவது வாரம் அவர்களுக்கென்று எதிர் அறையைத் திறந்துவிட்டார்கள். அதில் ஏசி உண்டு. எங்கள் அறையில் காற்றாடிதான். எங்கள் அறையில் நாங்கள் தலைமைப் பண்பு என்றால் என்ன என்று மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்க, எதிர் அறையில் வார்டு வரைபடத்தை விரித்து எந்தத் தெருவில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று பேசி முடித்திருப்பார்கள். அங்கே என் கணவருக்கு நல்ல மரியாதை. ஐந்தாவது வாரத்துக்குள் அந்த அறைக்கே அவர்தான் தலைவர் மாதிரி ஆகிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "உங்களுக்கு இன்னிக்கு என்ன நடத்தினாங்க?" என்று கரிசனமாகக் கேட்பார். சொல்லுவேன். "அதுல ஒரு பாயிண்ட் விட்டுட்டாங்களே" என்பார்.

ஆறாவது வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். ஒரு காலை முழுக்க உங்கள் தெருவில் உட்கார்ந்து மக்களின் குறைகளைக் கேட்டு எழுதி வர வேண்டும். எங்கள் வாசலில் ஒரு மேசை போட்டு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒத்தாசைக்கு என்று என் கணவர் பின்னால் நின்றார். வந்த அத்தனை பேரும் என் தலைக்கு மேலே அவரைப் பார்த்துத்தான் பேசினார்கள். "சார், அந்த முனையில சாக்கடை அடைச்சிருக்கு சார்." நான் எழுதிக்கொள்வேன். "சார், தெருவிளக்கு சார்." எழுதிக்கொள்வேன். அரை மணி பார்த்துவிட்டு, நீங்கள் மேலே போங்கள் என்று அவரை அனுப்பினேன். பிடிவாதம் பிடிக்காமல் உடனே போனார். கொஞ்ச நேரத்தில் என் மேசைக்கு முன்னால் ஒருவருமில்லை. எல்லோரும் லிஃப்டுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் நானும் மேலே போய் அவர்களுக்குக் காபி போட்டேன். அந்த வாரம் என் நோட்டைப் பார்த்துப் பயிற்சியாளர், மிக விரிவாக இருக்கிறது என்று பாராட்டினார்.

ஏழாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவில் வார்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியானது. பேப்பரில் எங்கள் வார்டு எண்ணுக்கு நேரே "பொது" என்று இருந்தது. பெண்களுக்கு இல்லை. என் கணவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். உண்மையிலேயே எனக்காக வருத்தப்பட்டார். அப்புறம் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சரி, அப்போ நான் நின்னுடறேன்" என்றார். "இவ்வளவு வேலை செஞ்சு வெச்சிருக்கோம், வீணாப் போகக்கூடாது. நீயும் ட்ரெயினிங் எடுத்திருக்கே. எனக்கு ரொம்ப உதவியா இருக்கும்."

என் வாயில் வந்தது "சரி" என்பதுதான். முப்பத்தொரு வருஷம் எத்தனையோ தலைமை ஆசிரியைகளோடு மல்லுக்கு நின்றவள் நான். வீட்டில் அந்த வாய் எங்கே போகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மாலையில் எதிர் வீட்டு மாமி வந்து, "உங்காத்துல மாமா நிக்கப்போறாராமே! நல்லதாப் போச்சு போங்கோ, வெயில்ல அலைஞ்சுண்டு உங்களுக்கு எதுக்கு?" என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார்.

எட்டாவது சனிக்கிழமை நிறைவு விழா. வார்டு பொதுவாகிப் போனவர்கள் பலர் வரவில்லை. பெண்கள் ஒன்பது பேர், கணவர்கள் பதினான்கு பேர். சிறப்பு விருந்தினராக வந்த பெரியவர் எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார். பிறகு, "இவர்களுடைய ஒத்துழைப்பு இல்லாமல் இது சாத்தியமா?" என்று கேட்டு, கணவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். நாங்கள் கைதட்டினோம். என் கணவருக்கு விழுந்த கைதட்டல்தான் பெரிது.

விழா முடிந்து படி இறங்கும்போது பயிற்சியாளரிடம், இனி எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது என்று கேட்டேன். "அடுத்த முறை கண்டிப்பா உங்க வார்டு வரும் மேடம்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். துக்க வீட்டில் பிடிப்பதைப் போலப் பிடித்தார். பின்னால் வந்த மீன்கார அம்மா நின்றுவிட்டார்.

"இன்னாத்துக்கு டீச்சர் அடுத்த தபா? பொது வார்டுல ஆம்பள பொம்பள ஆரு வேணாலும் நிக்கலாம்னு ட்ரெயினிங்ல குடுத்த புக்குல மொத பக்கத்துலயே போட்டுக்கீதே. நீங்கதான எனக்குப் படிச்சுக் காட்னீங்கோ?"

நான்தான் படித்துக் காட்டியிருந்தேன். உச்சரிப்பு சுத்தமாக, நிறுத்தி நிதானமாக. முப்பது பெண்களும் அந்த வரியைப் படித்திருந்தோம். "பொது" என்று பேப்பரில் பார்த்ததும், மீன்கார அம்மாவைத் தவிர எல்லோரும், எங்கள் வீட்டு ஆண்களும், பெங்களூர்ப் பயிற்சியாளரும்கூட, அது ஆண்களுக்கானது என்று எடுத்துக்கொண்டோம். இதற்கு யாரும் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது என் கணவர் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் நிற்பது என்று முடிவு செய்துகொண்டிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் மறுக்க மாட்டார், எனக்குப் புரியவைப்பார். அதுதான் பயமாக இருந்தது.

வேட்புமனுவை முன்மொழிய அதே வார்டு வாக்காளர் ஒருவர் வேண்டும். எங்கள் குடியிருப்பில் யாரிடம் கேட்டாலும் அரை மணியில் என் கணவர் காதுக்குப் போய்விடும். அதனால் மீன்கார அம்மாவைத் தேடிப் போனேன். கடற்கரைச் சாலை ஓரத்தில் வெயில் ஏறுமுன் வியாபாரத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நீங்களே ஏன் நிற்கக்கூடாது என்றும் ஒரு மரியாதைக்குக் கேட்டு வைத்தேன்.

"நான் நின்னா மீன ஆரு விக்கிறது? நிக்கிறவங்கள இன்னா கேக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான் நான் அங்க வந்தேன்" என்றார் மீனை அரிந்தபடியே. "கையெய்த்து போடறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன் டீச்சர். போன வருசம் உங்க கேட்டாண்ட ஒக்காரக் கூடாதுன்னு என்னத் தொரத்துனாங்களே, கார்ப்பரேசனுக்கு ஒரு பேப்பரு குடுத்தாங்களே, அதுல உங்க கையெய்த்தும் கீது. அந்த ஆபீசரு என்னாண்ட காட்னாரு. நாத்தம்னு எய்தியிருந்தீங்களாம். என்னாண்ட மீனு வாங்கிக்கினே எப்டி டீச்சர் அதுல போட்டீங்கோ?"

எனக்கு அப்படி ஒரு மனு நினைவிலேயே இல்லை. பிறகுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, எங்கள் வயதுக்காரர்கள் பல வீடுகளில் இருக்கும். எந்தப் படிவமானாலும் என் கணவர்தான் நிரப்புவார். நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொண்டுவருவார். அந்த இடத்தில் போட்டுவிட்டு நான் அடுப்பைப் பார்ப்பேன். பாங்க், காஸ், பாஸ்போர்ட், பிள்ளையின் கல்விக் கடன், எல்லாம் அப்படித்தான். சங்கத்தின் அந்த மனுவிலும் அப்படித்தான் போட்டிருக்க வேண்டும். பெருக்கல் குறியைப் பார்த்தால் கை தானாக எழுதிவிடும்.

"படிக்காமப் போட்டுட்டேன்" என்றேன். வெட்கமாக இருந்தது, உண்மையாகவே. என்னிடம் படித்த பெண்கள் கணக்கைப் படிக்காமல் விடை எழுதினால் வெளியே நிற்க வைத்திருக்கிறேன்.

"படிச்சவங்க படிக்காமப் போடுவீங்களா?" என்று அவர் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். அப்புறம் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் வேட்புமனுவை முதலிலிருந்து கடைசி வரை படிக்கச் சொன்னார். படித்தேன். "இன்னொரு தபா படி" என்றார். மீன் வாங்க வந்து நின்றவர்கள் முணுமுணுக்க, இன்னொரு முறை படித்தேன். ஜெயித்தால் எந்தக் கேட்டிலும் தன்னை யாரும் துரத்தக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, முன்மொழிபவர் இடத்தில் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். இனி ஒரு வரி விடாமல் படித்துத்தான் எதிலும் கையெழுத்துப் போடுவேன் என்று அங்கேயே, ஐஸ் தண்ணீர் வழிகிற அந்தப் பலகைக்கு முன்னால், எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தீர்மானம் மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் காலை குக்கர் இரண்டாவது விசிலில் இருந்தது, பால் பொங்கிக்கொண்டிருந்தது. நானோ அன்றைக்கு மண்டல அலுவலகத்துக்குப் போவதற்கு வீட்டில் என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வந்து, "பென்ஷன் பேப்பர் ஒண்ணு, காஸ் பேப்பர் ஒண்ணு, இன்னொண்ணு இருக்கு. சீக்கிரம் போட்டுக் குடு, பதினோரு மணிக்குள்ள போகணும்" என்றார். சமையல் மேடையிலேயே வைத்து மூன்றிலும் போட்டேன். பாலை இறக்கினேன். அவர் கிளம்பிப் போனார். பல் வைத்தியரிடம் போவதாக அவரிடம் சொல்லியிருந்த நான், ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினேன்.

அடையாறு மண்டல அலுவலகத்தில் மீன்கார அம்மா எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். அன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தேர்தல் அலுவலர் அறையில் மூன்று பேருக்குப் பிறகு எங்கள் முறை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மனுவை நீட்டினேன். அலுவலர் பார்த்தார், வாக்காளர் பட்டியலில் சரிபார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்த கோப்பைத் திறந்து ஒரு தாளையும் என் மனுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், இதே வார்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு மனு வந்தது. அதை முன்மொழிஞ்சது நீங்கதானே?"

கோப்பை என் பக்கம் திருப்பினார். வேட்பாளர், என் கணவர். முன்மொழிபவர், நான். கதவு எண்ணும் தெருவும் ஒன்றே. என் கையெழுத்துக்கு அடியில் பென்சில் குறியை அழித்த தடம்கூட லேசாகத் தெரிந்தது.

"நீங்க நிக்கறீங்களா, இல்லை அவரை நிறுத்தறீங்களா?" என்று அலுவலர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே குழப்பம். பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மீன்கார அம்மா எட்டி அந்தத் தாளைப் பார்த்தார். "இன்னா டீச்சர் இது?" என்று மட்டும் கேட்டார்.

என் கணவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் என்னை ஏமாற்றவும் இல்லை. மூன்றாவது பேப்பர் என்ன என்று கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார். தன்னை முன்மொழிய உலகத்தில் என்னைவிடப் பொருத்தமான ஆள் அவருக்கு யார்? கேட்காமல் போட்டது நான். கோபம் என்மேல்தான்.

இதை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டேன். அலுவலர் யோசித்தார். "ஒருத்தரை முன்மொழிஞ்சவங்க எதிர்த்து நிக்கக்கூடாதுன்னு எங்கயும் இருக்கறதா எனக்குத் தெரியலை. இப்போதைக்கு ரெண்டையும் வாங்கிக்கிறேன், பரிசீலனை அன்னிக்குப் பார்த்துக்கலாம். ஆனா விவரம் தெரியாம, படிக்காம போட்ட கையெழுத்துன்னா இப்பவே எழுதிக் குடுங்க. அவர் மனுவைப் பத்தி மேல கேக்கறேன். தள்ளுபடிகூட ஆகலாம்." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

எழுதிக் கொடுத்தால் என் கணவர் போட்டியில் இல்லாமல் போகலாம். எங்கள் தெருவில் ஒருவேளை என் மேசைக்கு முன்னாலும் நாலு பேர் நிற்கக்கூடும். ஆனால் அதற்கு நான் என் கையால், நல்ல தமிழில், இப்படி எழுத வேண்டும்: இந்த வார்டில் போட்டியிடும் நான், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே கையெழுத்துப் போடும் பழக்கமுள்ளவள். அந்தத் தாள் அரசாங்கக் கோப்பில் இருக்கும். மீன்கார அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படிச்சுப் பார்த்துட்டுத்தானே மேடம் போட்டீங்க?"

"ஆமா சார்" என்றேன். "ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன்."

அரசியலில் நான் சொன்ன முதல் பொய் அது. தடுமாறாமல் வந்தது. அலுவலர் வெள்ளைத் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, என் மனுவை வாங்கி நேரம் குறித்தார்.